பாலக்காட்டுக் கணவாயும் ‘உரோமானியப் பெருவழி’ என்னும் முற்கோளும்

நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் இடையே ஏறத்தாழ 30 கி.மீ. அகலத்தில் திறந்து கிடக்கும் பாலக்காட்டுக் கணவாய், முசிறியிலிருந்து கொங்கு வழியாகக் காவிரிக் கரைக்குச் சென்ற உரோமானிய வணிகப் பெருவழியாகவே பெரிதும் விளக்கப்பட்டு வந்துள்ளது. இதற்குச் சான்றாக இராசகேசரிப் பெருவழிக் கல்வெட்டு, வெள்ளலூர்க் காசுப் புதையல்கள், கொடுமணல் அகழாய்வு ஆகிய மூன்றும் ஒருசேர எடுத்தாளப்படுகின்றன. இவை ஒரே காலத்தனவுமல்ல. ஒரே செயலைச் சுட்டுவனவுமல்ல.

கோவையை அடுத்த சுண்டக்காமுத்தூர்ப் பகுதியிலுள்ள கல்வெட்டு தமிழ், வட்டெழுத்து ஆகிய இரு வரிவடிவங்களிலும் பொறிக்கப்பட்டது. சோழர் கொங்கில் காலூன்றிய காலத்ததாகக் கருதப்படும் அது, வழியின் மீதான அரசதிகாரத்தையும் காவலையும் பேசுகிறது. 1766இல் ஐதர் அலி பாலக்காட்டில் எழுப்பிய கோட்டையோடு ஒப்பிடத்தக்க சான்று அது. சங்ககால வணிகத்திற்கு அதனைச் சான்றாக்குவது பல நூற்றாண்டுகளை ஒரே தாவலில் கடப்பதாகும்.

காசுகளின் நிலை வேறு. 1842 முதல் வெள்ளலூரில் கிடைத்த வெள்ளிக்காசுகளில் அகசுடசு, திபேரியசு ஆகியோர் வெளியிட்டவை மிகுதி. காசு அச்சிடப்பட்ட காலம் அது புதைக்கப்பட்ட காலம் ஆகாது. நீரோ வெள்ளியின் தரத்தைக் குறைத்த பின்னர், பழைய தூய காசுகள் தேர்ந்து சேமிக்கப்பட்டிருக்கக் கூடும். மேலும், புதையல் காட்டுவது செல்வம் தங்கிய இடத்தையே. அது வந்த தடத்தை அன்று.

கணவாயின் தொன்மையை விளக்க வல்லது கொடுமணலே. பதிற்றுப்பத்து ‘கொடுமணம்’ எனக் குறிக்கும் இவ்வூர் நொய்யலின் வடகரையில் உள்ளது. 1985 முதல் தமிழ்ப் பல்கலைக்கழகம் இங்கு மேற்கொண்ட அகழாய்வுகளில் இரும்பு உருக்கிய உலைகளும், முற்றுப்பெறாத மணிகளும், தமிழி எழுத்துப் பொறித்த பானையோடுகளும் வெளிப்பட்டன. உடைந்த மணியும் துளையிடாத மணியும் வாணிகக் கிடங்கின் எச்சங்கள் அல்ல, பட்டறையின் எச்சங்கள். பெரில் கல் அண்மையிலுள்ள படியூரில் கிடைத்தது. சூதுபவளமோ வடபுலத்திலிருந்து வந்ததாகக் கருதப்படுகிறது. பானையோடுகளில் பிராகிருதப் பெயர்களும் காணப்படுகின்றன. ஆகவே கொடுமணலின் தொடர்புகள் மேற்குக் கடலோடு நின்றுவிடவில்லை. உரோமானியர் தேவைக்காகக் கணவாய் இவ்வூரை உருவாக்கிற்று என்பதினும், தனக்கெனத் தொழில் வளம் கொண்ட ஊர் கணவாயைத் தன் வழிகளுள் ஒன்றாகப் பயன்படுத்திற்று என்பதே சான்றுக்குப் பொருந்தும்.

இத்துணை அகன்ற சமவெளிக் கணவாயில் ஒற்றைத் தடத்தைத் தேடுவதும் பொருத்தமன்று. மாட்டுச் சாத்துகள் நீரும் மேய்ச்சலும் நோக்கிப் பருவந்தோறும் தடம் மாற்றக்கூடியவை. ஈமக்காடுகளையும் நீர்நிலைகளையும் ஒரே வரைபடத்தில் பதிந்து நோக்கும் களஆய்வே இங்குக் காசுப் பட்டியலினும் பயன் தரும்.