சென்சார் போகலை, வெயில் வந்துச்சு

பள்ளிகளில் ரோபோட்டிக்ஸ் என்றாலே இப்போது கோட்டைப் பிடித்து ஓடும் வண்டிதான். ஒரு ஆர்டுயினோ, இரண்டு ஐ.ஆர். சென்சார், ஒரு மோட்டார் டிரைவர், மஞ்சள் கலர் கியர் மோட்டார் இரண்டு. எந்தக் கண்காட்சிக்குப் போனாலும் அதே வண்டி, பெரும்பாலும் அதே கோடு.

சமீபத்தில் ஒரு பள்ளிக் கண்காட்சியில் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி இதை ஓட்டிக் காட்டினாள். ஜன்னல் பக்கம் வந்ததும் வண்டி கோட்டை விட்டு எங்கேயோ போனது. "சென்சார் போயிருச்சு சார்" என்றாள். பயிற்சியாளர் ஓடி வந்து மேஜையை உள்பக்கம் தள்ளிப் போட்டார். வண்டி ஓடியது. கைதட்டல்.

சென்சாருக்கு ஒன்றும் ஆகவில்லை. அது அகச்சிவப்பு ஒளியை அனுப்பி, திரும்பி வருவதை வைத்து முடிவெடுக்கிறது. வெள்ளைத்தாள் திருப்பி அனுப்பும், கறுப்பு டேப் பெரும்பகுதியை விழுங்கிவிடும். வெயிலிலும் அகச்சிவப்பு ஏராளம். அது நேராக சென்சாரில் விழுந்தால் கறுப்பும் வெள்ளை மாதிரிதான் தெரியும். கையால் நிழல் கொடுத்துப் பார்த்திருந்தாலே பிடிபட்டிருக்கும். ஒரு பீரியட் முழுக்க நடத்த வேண்டிய இயற்பியல், அந்த மேஜையோடு சேர்ந்து நகர்ந்துவிட்டது.

கூட்டம் குறைந்ததும் அவளிடம் இதைச் சொன்னேன். ஒரு நோட்டை ஜன்னலுக்கு மறைப்பாகப் பிடித்துப் பார்த்தாள். "அப்போ மேகமூட்டமா இருந்தா நல்லா ஓடுமா சார்?" இந்தக் கேள்விக்குத்தானே லேப்!

லோகோ மொழியை உருவாக்கியவர்களில் ஒருவரான சேமூர் பேப்பர்ட் 1980-ல் எழுதிய 'மைண்ட்ஸ்டார்ம்ஸ்' புத்தகத்தின் மையமே இதுதான். புரோகிராம் சரியா தப்பா என்று கேட்காதே, தப்பைத் தேடித் திருத்த முடியுமா என்று பார் என்கிறார். லெகோ 1998-ல் தன் ரோபோ கிட்டுக்கு அந்தப் பெயரையே வைத்தது. பெயர் உலகம் முழுக்கப் பரவியது. பிழையோடு உட்கார்ந்திருக்கும் பொறுமை அந்த அளவுக்குப் பரவவில்லை.

பணம் இல்லை என்று சொல்ல முடியாது. 2016-ல் தொடங்கிய அடல் டிங்கரிங் லேப் திட்டத்தில் ஒரு பள்ளிக்கு 20 லட்சம் ரூபாய் வரை. 2025 பட்ஜெட்டில், ஐந்து ஆண்டுகளில் அரசுப் பள்ளிகளில் இன்னும் 50,000 லேப் என்று அறிவித்தார்கள். ஆனால் பொருள் வந்ததும் ஸ்டாக் ரெஜிஸ்டரில் ஏறிவிடுகிறது. ஏதாவது உடைந்தால் ஆசிரியர் பதில் சொல்ல வேண்டும். யார்தான் பீரோவைத் திறந்து வைப்பார்கள்? நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு நானாக இருந்தாலும் பூட்டித்தான் வைத்திருப்பேன். அரவிந்த் குப்தாவின் தீக்குச்சி, சைக்கிள் வால்வ் ட்யூப் பொம்மைகளில் இந்தப் பயமே கிடையாது. உடைந்தால் இன்னொரு குச்சி.

ஒரு ஐ.ஆர். சென்சார் 50 ரூபாய் சுமாருக்குக் கிடைக்கிறது. ரெஜிஸ்டரில் இதையெல்லாம் 3டி பிரிண்டரோடு சேர்த்து எழுதாமல், சாக்பீஸ் மாதிரி தீர்ந்துபோகும் பொருளாகக் கணக்கு வைத்தால் போதும். அதற்குப் புதிய திட்டம் எதுவும் வேண்டாம், ஒரு சர்க்குலர் போதும்.