நீரில் மிதக்காத கப்பல்: கணினிப் படிமமும் தமிழர் கடல்வழி வரலாறும்

முன்னுரை

தமிழர் கடலோடிய வரலாற்றைக் காட்சியாக்கும் முயற்சிகள் பெருகியுள்ளன. கணினியில் முப்பரிமாணக் கப்பலொன்றை அமைத்து, அதன் படிமத்தைக் கடற்காட்சியில் பொருத்துவது இவற்றுள் ஒரு முறை. இத்தகைய படங்கள் பலவற்றில் பாயும் கயிறும் நுணுக்கமாக அமைந்திருக்க, கப்பலோ நீரில் மிதவாது நீர்மேல் ஒட்டப்பட்டதுபோல் தோன்றுவதைக் காண்கிறோம். இது தொழில்நுட்பக் குறை மட்டுமன்று. வரலாற்றுப் பார்வையின் குறையுமாகும் என்பதே நம் கருத்து.

நீர் இடும் அடையாளங்கள்

கப்பலை நம்பச் செய்வன நீரும் காற்றும் அதன்மீது இடும் அடையாளங்களே. கரையில் நிற்பவரின் கண் நீர்மட்டத்திற்கு 2 மீட்டர் மேலிருந்தால், தொடுவானக் கோடு அண்மையிலுள்ள கப்பலையும் ஏறத்தாழ அவ்வுயரத்தில்தான் வெட்டும். கப்பல் முழுதும் அக்கோட்டிற்குக் கீழே அடங்கினால், அது குன்றின்மேலிருந்து கண்ட காட்சியாகிவிடும். பருவக்காற்றைப் பின்னே கொண்டு ஓடும் கப்பலின் கொடி முன்னோக்கிப் பறக்க வேண்டும். பாய் முன்னே புடைக்கக் கொடி பின்னே பறப்பது பெரும்பிழை. நீர்விளிம்பு நேர்க்கோடாக இராது. அலை ஏறி இறங்கி அதனை நனைக்கும். சரக்கேற்றிய கப்பல் தாழ்ந்தும் வெறுங்கப்பல் உயர்ந்தும் நிற்கும்.

1997இல் வெளிவந்த 'டைட்டானிக்' திரைப்படம் கப்பலின் சிறுமாதிரியைக் கணினிக் கடலோடு இணைத்து வெற்றி கண்டது. 2022இல் வெளிவந்த 'பொன்னியின் செல்வன்' முதற்பாகத்தின் புயற்காட்சியும் நம்மை ஈர்க்கிறது. எனினும், இருளும் மழையும் நீர்விளிம்பை மறைத்துக் கலைஞருக்குத் துணைசெய்கின்றன என்பதையும் கருதவேண்டும். அமைதியான நண்பகற்கடலே கடினமான தேர்வு.

மலாக்காவின் சான்று

மலாக்கா ஆற்றுமுகத்தருகே 'புளோர் டி லா மார்' கப்பலின் மறுவடிவம் 1994 முதல் கடல்சார் அருங்காட்சியகமாகத் தரையில் நிற்கிறது. அதன் ஒளிப்படத்தை மாணவரொருவர் கடலில் பொருத்த முற்பட்டால், நீர்விளிம்பை எங்கே வரைவது என்ற வினா உடனே எழும். மலாக்காவைக் கைப்பற்றிய அல்புகர்க்கு கொள்ளைப்பொருளை ஏற்றிச் சென்ற அம்முதிய கப்பல் 1511இல் சுமத்திராக் கரையருகே மூழ்கியது. ஆகவே விளிம்பின் உயரம் அழகு பற்றியதன்று. சுமை பற்றியது, சூறையாடல் பற்றியது.

கலிங்கர் எனப்பட்ட தமிழ் வணிகரின் கப்பல்களுக்கும் இது பொருந்தும். துணிச்சுமை எவ்வளவு, எக்காற்றில் வந்தனர் என்பவற்றை அறியாமல் அவற்றை வரைய இயலாது. ஜாசின், அலோர் காஜா தோட்டங்களில் வாழ்ந்த நம் முன்னோருள் பலர் நீராவிக் கப்பல்களின் மேல்தளத்தில் நெருக்குண்டு வந்தவர்கள். 1926இல் கட்டப்பட்ட 'ரஜுலா'வை வெளியிலிருந்து பளபளப்பாக மட்டும் காட்டும் படம் அத்தளத்தை மறைத்துவிடும்.

முடிவுரை

படத்தை வகுப்பறைக்குக் கொண்டுவரும் ஆசிரியர் மூன்று வினாக்களை எழுப்பலாம்: காண்பவர் எங்கே நிற்கிறார்? காற்று எத்திசையில் வீசுகிறது? கப்பல் எவ்வளவு தாழ்ந்துள்ளது? இவற்றிற்கு விடையில்லாத படம் பெருமிதத்தை ஊட்டலாம், வரலாற்றைக் கற்பிக்காது.