டெபியன் நிர்வாகி கையேடு: சேர்ப்பதைவிட வெட்டுவதே கடினம்

டெபியன் 13, அதாவது டிரிக்சி, 2025 ஆகஸ்டில் வெளிவந்தது. அதன் வெளியீட்டுக் குறிப்பில் எளிதில் கண்ணில் படாத ஒரு பத்தி உண்டு. கர்னல் அமைப்புகளைக் காலங்காலமாக எழுதிவைத்துவந்த சிஸ்சிடிஎல்.கான்ஃப் கோப்பை, கணினியைத் தொடங்கிவைக்கும் சிஸ்டம்டி இனிப் படிக்காது, சிஸ்சிடிஎல்.டி அடைவில் தனிக் கோப்பாக வைத்தால்தான் எடுத்துக்கொள்ளும். பழைய கையேட்டைப் பார்த்து, போலி முகவரியோடு வரும் பாக்கெட்டுகளைத் தடுக்கும் வரியைப் பழைய இடத்திலேயே எழுதுகிறவருக்கு எந்தப் பிழைச் செய்தியும் வராது. கோப்பு இருக்கும், வரியும் இருக்கும், ஆனால் அது அமலுக்கு வராது.

மாறிக்கொண்டே இருக்கும் இயங்குதளத்துக்கான கையேட்டை எடைபோடும்போது நான் முதலில் தேடுவது இப்படி ஓசையில்லாமல் தவறாகிப்போன வரிகளைத்தான். கூச்சல் போடும் பிழைகளைப் பற்றி அவ்வளவு கவலைப்பட வேண்டியதில்லை. 2017இல் வந்த ஸ்ட்ரெச் வெளியீட்டிலிருந்து இஃப்கான்ஃபிக் கட்டளை இயல்பாக நிறுவப்படுவதில்லை. கையேடு அதைச் சொன்னால் 'அப்படி ஒரு கட்டளை இல்லை' என்று திரையே சொல்லிவிடும். வாசகர் வேறு வழி தேடிக்கொள்வார். அதற்கு முந்தைய ஜெஸ்ஸி வெளியீட்டில் அப்பாச்சி 2.4 வந்தபோது நடந்தது வேறு. தளத்தின் அமைப்புக் கோப்பு '.கான்ஃப்' என்று முடியாவிட்டால் அப்பாச்சி அதைச் சேர்த்துக்கொள்ளாமலே கிளம்பிவிடும். சேவையகம் நன்றாக ஓடும், நம் தளம் மட்டும் வராது.

இந்த அளவுகோலோடு ரஃபேல் எர்ட்சோவும் ரோலாண் மாவும் எழுதிய டெபியன் நிர்வாகி கையேட்டைப் பார்க்கலாம். இருவரும் டெபியன் உருவாக்குநர்கள். 2004இல் பிரெஞ்சில் அச்சாகி, பல பதிப்புகள் கண்ட நூல் இது. வாசகர்களிடம் நிதி திரட்டி 2012இல் ஆங்கிலத்தில் கட்டற்ற உரிமத்தோடு வெளியிட்டார்கள். இன்று டெபியனுக்குள்ளேயே ஒரு பேக்கேஜாகவும் கிடைக்கிறது. ஏறத்தாழ 500 பக்கம்.

இதன் முதல் பலம் எந்த வெளியீட்டுக்கான நூல் என்பதை அட்டையிலேயே சொல்லிவிடுவது. ஸ்குவீஸ், வீசி, ஜெஸ்ஸி, பஸ்டர் என்று ஒவ்வொன்றுக்கும் தனிப் பதிப்பு வந்தது. டெபியன் ஏறத்தாழ இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாறுகிறது. ஒவ்வொரு வெளியீட்டுக்கும் நீண்டகால ஆதரவையும் சேர்த்து சுமார் ஐந்து ஆண்டு ஆயுள். பஸ்டரை ஓட்டியவருக்கு அந்தப் பதிப்பு 2024 ஜூன்வரை சரியான நூலாகவே இருந்தது. 'அச்சேறும்போதே பழசாகிவிடும்' என்று இத்தகைய நூல்களைத் தள்ளுகிறவர்கள் இதைக் கணக்கில் எடுப்பதில்லை. தேதியும் பதிப்பும் இல்லாமல் யார் வேண்டுமானாலும் திருத்தும் குறிப்பில் ஒரு பத்தி புதிதாகவும் அடுத்த பத்தி பத்தாண்டுப் பழசாகவும் இருக்கும். எது எது என்று வாசகருக்குத் தெரியாது. அதைவிட, தன் எல்லையைச் சொல்லிவிட்டு நிற்கும் பழைய நூலை நான் நம்புவேன்.

உள்ளே போனால் தரம் ஒரே சீராக இல்லை. டெப் பேக்கேஜ் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது, சார்புகள் எப்படித் தீர்மானமாகின்றன, ஆப்ட் எங்கிருந்து எதைத் தேர்கிறது என்று விளக்கும் ஐந்தாம், ஆறாம் அத்தியாயங்களும், சிக்கல் வந்தால் விடையை எங்கே தேடுவது என்று காட்டும் ஏழாம் அத்தியாயமும் நூலின் உயிர். வெளியீடுகள் பல மாறியும் அவற்றின் அடிப்படை அசையவில்லை. ஏன் அப்படி அமைத்தார்கள் என்பதையும் சொல்வதால் அவை நிலைக்கின்றன.

வலைப்பின்னலையும் சேவைகளையும் பேசும் பத்தாம், பதினொன்றாம் அத்தியாயங்கள்தான் சீக்கிரம் பழசாகின்றன. போஸ்ட்ஃபிக்ஸ், சாம்பா, ஸ்க்விட், எல்டாப் என்று நீளும் அமைப்பு வரிகளில் பல அந்தந்த பேக்கேஜோடு வரும் ஆவணத்தில் இருப்பவை. பேக்கேஜ் மாறும்போது அந்த ஆவணத்தையும் மாற்ற அங்கே ஒரு பொறுப்பாளர் இருக்கிறார். அதையே நூலிலும் எழுதினால் இரண்டு இடத்தில் காவல் காக்க வேண்டியிருக்கிறது.

ஆனாலும் அந்த அத்தியாயங்களை முழுதாகத் தூக்கிவிடச் சொல்ல மாட்டேன். ஃபால்கோட் என்ற கற்பனை நிறுவனத்தை ஆசிரியர்கள் நூல் முழுக்கக் கொண்டுபோகிறார்கள். சென்ட் எத்தியேனில் ஒலிபெருக்கித் தொழிற்சாலை, மான்பெலியேயில் இன்னொரு கிளை. அஞ்சல் சேவையகம் பயனர் பட்டியலை எல்டாபிடம் கேட்பதும், இரண்டு ஊர்களை ஒரே வலைப்பின்னலாக இணைப்பதும் எந்த ஒரு பேக்கேஜின் ஆவணத்திலும் வராது. இணைப்பைச் சொல்ல ஆளில்லை. அதை இந்த நூல் சொல்கிறது. வைத்துக்கொள்ள வேண்டியது அதைத்தான்.

புதுப்பிப்பு நன்றாக நடந்ததற்கு பஸ்டர் பதிப்பின் தீயரண் பகுதி சான்று. ஐபிடேபிள்ஸுக்கு நடுநடுவே ஒட்டுப்போடாமல் என்எஃப்டேபிள்ஸை மையத்தில் வைத்து எழுதி, பழையதிலிருந்து மாறும் வழிக்குத் தனி இடம் தந்தார்கள். ஆனால் சிஸ்டம்டி ஜெஸ்ஸியிலேயே இயல்பான தொடக்க முறையாகிவிட்டது. அதன் பிறகும் பழைய தொடக்க முறையான சிஸ்டம் வி பற்றிய பகுதி அப்படியே நீடித்தது. தெரிந்து வைத்துக்கொள்ளட்டும் என்ற நல்லெண்ணம் புரிகிறது. ஆனால் புதிதாக வருகிறவர் இரண்டையும் சமமாகப் படித்துவிட்டு, சிஸ்டம்டி கண்டுகொள்ளாத இனிட்டேப் கோப்பைத் திருத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

வெட்டத் தயங்குவதற்கு இன்னொரு காரணமும் இருக்கலாம். மொழிபெயர்ப்புகள் பத்தி பத்தியாக மூல உரையோடு பிணைக்கப்பட்டவை. ஒரு பத்தியை மாற்றினால் எல்லா மொழிகளிலும் அந்தப் பத்தி மறுபார்வைக்கு வந்து நிற்கும். ஆனால் அழித்த பத்தியை எந்த மொழியிலும் யாரும் மறுபடி பெயர்க்க வேண்டியதில்லை. வெட்டுதல் மொழிபெயர்ப்பாளருக்கும் உதவி.

என் தீர்ப்பு இதுதான். டெபியனைப் பொறுப்போடு நிர்வகிக்க விரும்புகிறவர் படிக்க வேண்டிய நூல் இது. தம்மிடம் இருக்கும் வெளியீட்டுக்கான பதிப்பையே எடுக்க வேண்டும். நூலாக நிமிர்ந்து நிற்பது ஐந்து முதல் ஏழுவரையான அத்தியாயங்களும் ஃபால்கோட்டின் திட்டமிடலும். புதுப்பிக்க உட்காருகிறவர்கள் புது வசதிகளை அடுக்குமுன் வெளியீட்டுக் குறிப்பைக் கையில் எடுத்து, நூலின் ஒவ்வொரு கட்டளையையும் புது நிறுவலில் ஓட்டிப் பார்த்து, மறுதொடக்கத்துக்குப் பிறகும் பலன் இருக்கிறதா என்று சோதிக்க வேண்டும். டிரிக்சிக்கு அந்த வேலை தொடங்க வேண்டிய இடம் நுழைவாயிலைப் பேசும் பத்தாம் அத்தியாயம், சிஸ்சிடிஎல்.கான்ஃபில் எழுதச் சொல்லும் வரிகள் அங்கேதான் இருக்கின்றன.