தலைகீழாய் ஒரு புளியமரம்

சொன்னால் சிரிப்பீர்கள், போன சனிக்கிழமையிலிருந்து நான் ஒரு புளியமரத்தைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறேன். அறைத் தோழன் காதைப் பொத்திக்கொள்கிறான். அம்மா போனில் "சரிடா, சாப்பிட்டியா?" என்று பேச்சை மாற்றுகிறாள். மெஸ்ஸில் சாம்பார் ஊற்றுகிற அண்ணாச்சிக்குக்கூடக் கதை மனப்பாடம். மிச்சம் நீங்கள்தான்!

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், என்.எஸ்.எஸ்.ஸில் நான் சேர்ந்தது சான்றிதழுக்காக. இரண்டு வருஷத்தில் 240 மணி நேரம். நாலு மரக்கன்று, ரெண்டு பேரணி, ஓடிவிடும் என்று கணக்குப் போட்டிருந்தேன். காந்தி நூற்றாண்டான 1969-இல் 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கிய திட்டம் என்று முதல் நாள் சொன்னபோது கொட்டாவி விட்டவன், இப்போது அதன் கோணார்க் சக்கர பேட்ஜைக் குத்தாமல் டீக்கடைக்குக்கூடப் போவதில்லை. பைத்தியம்தான், ஒத்துக்கொள்கிறேன்.

எல்லாம் ஒரு நடுநிலைப் பள்ளியால் வந்தது. பாளையங்கோட்டையிலிருந்து டவுன் பஸ்ஸில் இருபது நிமிஷம். சனிக்கிழமை காலை என்.எஸ்.எஸ்.ஸிலிருந்து நாங்கள் ஆறு பேர் போவோம், ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் வாசலிலேயே "எண்ணே, இன்னிக்கு என்னண்ணே?" என்று பையைப் பிடுங்குவார்கள். செமஸ்டர் தேர்வு வந்தால் நாங்கள் காணாமல் போய்விடுகிறோம், அது குறைதான். அதை அப்புறம் பேசலாம், இப்போது டப்பாவுக்கு வாருங்கள்.

ஒரு செருப்பு டப்பாவை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் குண்டூசியால் ஒரே ஒரு ஓட்டை. எதிர்ப்பக்கத்தை ஜன்னல்போல வெட்டி, தேங்காய் எண்ணெய் தடவிய வெள்ளைத்தாளை ஒட்டியிருக்கிறோம். வகுப்பு முழுக்க எண்ணெய் வாசம், விரலெல்லாம் பசை, வெளியே பத்தரை மணி வெயிலில் பளபளவென்று புளியமரம். ஒரு பொடியன் தலைமேல் துண்டைப் போர்த்திக்கொண்டு ஓட்டையை மரத்துக்கு நேரே பிடித்துத் தாளைப் பார்க்கிறான், பார்க்கிறான், சத்தமே இல்லை, எனக்கானால் நெஞ்சு படபடக்கிறது, திடீரென்று துண்டுக்குள்ளிருந்து ஒரு கத்தல்: "எண்ணே, மரம் தலகீழா நிக்கிண்ணே!" அவ்வளவுதான், முப்பது பிள்ளைகளும் பாய்ந்தார்கள், ஒருத்தன் "டப்பாவ மாத்திப் பிடிச்சிட்டோம்ல" என்று அதைக் கவிழ்த்துப் பிடித்தான், மரம் அப்போதும் தலைகீழ்தான், எண்ணெய்த்தாளில் பச்சைப் பச்சையாய் இலை அசைகிறது, அடியில் வானம், அதில் ஒரு காக்கா மல்லாக்கப் பறக்கிறது! அப்போது ஒரு பெண்பிள்ளை ரிப்பனை அவிழ்த்து ஓட்டைக்கு நேரே சாய்வாக இழுத்துப் பிடித்து, "உச்சியிலேருந்து வாற வெளிச்சம் நேராத்தானே போவும், அப்ப கீழதானே விழும்?" என்றாளே, எனக்குப் புல்லரித்துவிட்டது. இதே படத்தை அம்புக்குறி போட்டு வரைந்து முழு மதிப்பெண் வாங்கியவன் நான், இயற்பியல் இரண்டாமாண்டு, ஆனால் அந்த மரத்தை ஒரு நாளும் பார்த்ததில்லை! துண்டைப் பிடுங்கி என் தலையில் போட்டுக்கொண்டேன். "எண்ணே, வரிசையில வாங்க" என்று திட்டு விழுந்தது. கேட்பேனா?

கிளம்பும்போது அந்தப் பொடியன் கேட்டான்: "நம்ம கண்ணுக்குள்ளயும் இப்படித்தான் விழுமாண்ணே?" ஆமாம், விழும். பிறகு ஏன் உலகம் நேராகத் தெரிகிறது? பஸ் வந்துவிட்டது, தப்பித்தேன். ராத்திரி இரண்டு மணிவரை அதைப் படித்துக்கொண்டிருந்தேன்.

இந்த வாரம் ஆளுக்கொரு டப்பா என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். பதினெட்டு தேறிவிட்டது, இன்னும் பன்னிரண்டு வேண்டும். உங்கள் வீட்டுப் பரணில் ஏதாவது கிடக்கிறதா?