டாக்டர் ஸ்பாக்: அப்பா அடிக்கோடிட்ட ஒரு பக்கம்

அக்கா மகளுக்கு ஏழாம் மாதம். வளைகாப்புக்குத் திருநெல்வேலி போயிருந்தபோது என்னைத் தனியாகக் கூப்பிட்டு அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "மாமா, தாத்தா வச்சிருந்தாங்கல்லா ஒரு பிள்ளை வளர்ப்பு புக்கு, அது உங்ககிட்டதான இருக்கு? எனக்குத் தாங்க."

என்னிடம்தான் இருக்கிறது. அப்பா எழுபதுகளில் மெட்ராஸ் மூர் மார்க்கெட்டில் பழைய புத்தகமாக வாங்கியது. பெஞ்சமின் ஸ்பாக் எழுதிய 'பேபி அண்ட் சைல்டு கேர்', 1958 பதிப்பின் மறுஅச்சு. அட்டை போய், பிரவுன் பேப்பர் போட்டு, அதுவும் கிழிந்துவிட்டது. உள்ளே பச்சை மையில் அப்பாவின் அடிக்கோடுகள். என் அக்காவும் நானும் இந்தப் புத்தகத்தின் மேற்பார்வையில் வளர்ந்தவர்கள் என்று அம்மா பெருமையாகச் சொல்வாள். கொடுப்பதற்கு முன் ஒருதரம் முழுசாகப் படித்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். அதன் விளைவுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் படித்த 'எப்படிச் செய்வது' வகைப் புத்தகங்களில் இவ்வளவு நன்றாக எழுதப்பட்டது வேறு எதுவும் ஞாபகம் வரவில்லை. எண் போட்ட சின்னச் சின்னப் பகுதிகள். ராத்திரி இரண்டு மணிக்குப் பிள்ளை வீறிட்டு அழும்போது தேடி எடுக்க வசதியாகப் பின்னால் நல்ல சொல்லடைவு. பக்கத்து வீட்டு டாக்டர் திண்ணையில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி நடை.

இது 1946-ல் முதலில் வந்தபோது எப்படி இருந்திருக்கும் என்று யோசிக்க, அதற்கு முன்னால் இருந்ததைப் பார்க்கணும். ஜான் வாட்சன் என்ற உளவியலாளர் 1928-ல் எழுதிய குழந்தை வளர்ப்புப் புத்தகம், பிள்ளையைக் கட்டி அணைக்காதே, மடியில் வைக்காதே, காலையில் கைகுலுக்கினால் போதும் என்கிற ரகம். பால் கொடுப்பதும் கடிகாரம் பார்த்துத்தான், நாலு மணி நேரத்துக்கு ஒருதரம். இப்படி மிரட்டப்பட்டுக் கிடந்த தாய்மாரிடம் ஸ்பாக் வந்து, உனக்கே நிறையத் தெரியும், பயப்படாதே, பிள்ளையைக் கொஞ்சு என்றார். 1998-ல் அவர் சாகும்போது உலகம் முழுக்க ஏறத்தாழ 5 கோடி பிரதிகள் விற்றிருந்தன. ஆச்சரியமே இல்லை. (1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் படகுப் போட்டியில் தங்கம் வாங்கிய அணியில் இருந்தவரும் இவரேதான்.)

இப்போது அந்தப் பக்கத்துக்கு வருகிறேன். அப்பா பச்சை மையில் இரண்டு கோடு போட்ட பக்கம். பிறந்த பிள்ளையை எப்படிப் படுக்க வைப்பது?

ஸ்பாக் சொல்வதன் சாரம் இது. மல்லாக்கப் போட்டால் இரண்டு கெடுதல். ஒன்று, பால் கக்கினால் புரையேறி மூச்சடைக்கலாம். இரண்டு, பிள்ளை ஒரே பக்கமாகத் தலையைத் திருப்பி வைத்திருந்தால் மண்டை அந்தப் பக்கம் தட்டையாகும். ஆகவே ஆரம்பத்திலிருந்தே குப்புறப் படுக்கப் பழக்குவது மேல் என்பது அவர் எண்ணம்.

படித்தால் எவ்வளவு நியாயமாக இருக்கிறது பாருங்கள். நானே 1958-ல் அப்பாவாக இருந்தால் அப்படியேதான் செய்திருப்பேன். ஆனால் இது பிள்ளைகளைக் கொன்ற அறிவுரை.

தூங்குகிற பச்சைக்குழந்தை காரணம் தெரியாமல் இறந்துபோவதை 'தொட்டில் மரணம்' என்பார்கள். இரண்டு முதல் நாலு மாதத்துக்குள்தான் அதிகம். நியூயார்க்கில் ஹெரால்ட் ஆப்ராம்சன் என்ற மருத்துவர் 1944-லேயே, படுக்கையில் இறந்த குழந்தைகளில் பெரும்பாலோர் குப்புறக் கிடந்ததைப் பதிவு செய்தார். மூச்சுமுட்டல்தான் காரணமா என்று மற்றவர்கள் எதிர்வாதம் செய்ய, அந்தப் பேச்சு அமுங்கிப்போனது. பிறகு பிரிட்டனில் நடந்த ஆய்வுகள் வந்தன. 2005-ல் ரூத் கில்பர்ட்டும் சக ஆய்வாளர்களும் பழைய தரவுகளை எல்லாம் வரிசைப்படுத்திக் கூட்டிப் பார்த்தார்கள். 1970 வரை வந்த ஆய்வுகளை மட்டும் சேர்த்தாலே, மல்லாக்கப் படுத்த பிள்ளைகளைவிடக் குப்புறப் படுத்த பிள்ளைகளுக்கு ஆபத்து சுமார் மூன்று மடங்கு என்று தெரிந்தது. ஆனால் குப்புறப் போடச் சொல்லும் புத்தகங்கள் 1988 வரை வந்துகொண்டிருந்தன. அந்தத் தரவுகளை 1970-லேயே யாராவது கூட்டிப் பார்த்திருந்தால் பிரிட்டனில் 10,000-க்கு மேல், ஐரோப்பா, அமெரிக்கா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து எல்லாம் சேர்த்துக் குறைந்தது 50,000 குழந்தைகள் பிழைத்திருக்கலாம் என்பது அவர்கள் கணக்கு.

அந்த வரியைப் படித்துவிட்டு எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

நெதர்லாந்தில் எழுபதுகளின் தொடக்கத்தில் குப்புறப் போடும் பழக்கம் பரவியது. தொட்டில் மரணம் ஏறியது. 1987-ல் அறிவுரையை மாற்றினார்கள், இறங்கியது. ஹாங்காங்கில் இந்த மரணமே அபூர்வமாக இருக்கிறதே என்று 1985-ல் டேவிஸ் என்ற மருத்துவர் 'லான்செட்'டில் எழுதினார். அங்கே சீனக் குடும்பங்களில் பிள்ளைகளை மல்லாக்கத்தான் போடுவார்கள். நியூசிலாந்தும் பிரிட்டனும் 1991-ல் பிரச்சாரம் தொடங்கின. அமெரிக்காவில் 1994. அங்கே 1990-ல் ஒரு லட்சம் பிறப்புக்கு 130 என்றிருந்த தொட்டில் மரணம், பின்னால் 40-க்குப் பக்கத்தில் வந்தது. மருந்தில்லை, மெஷினில்லை. பிள்ளையைத் திருப்பிப் போட்டதுதான் பெரும் காரணம்.

சரி, பால் புரையேறும் என்ற வாதம்? மல்லாக்கப் படுத்திருக்கும்போது மூச்சுக்குழாய் மேலே, உணவுக்குழாய் கீழே. கக்கின பால் கீழேதான் தேங்கும்; மூச்சுக்குழாய்க்குள் போகணும்னா மேலே ஏறணும். குப்புறப் போட்டால் இது தலைகீழ். ஆக ஸ்பாக்கின் முதல் காரணமே உடற்கூறுப்படி தப்பு. குப்புறப் படுத்தால் பிள்ளை தான் விட்ட மூச்சையே திரும்ப இழுக்கும், உடம்புச் சூடு வெளியேறாது, மூச்சுக்கு முட்டினாலும் சட்டென்று விழிக்காது. ஆழ்ந்து தூங்கும். அதனாலேயே தாய்மாருக்கு இந்த முறை பிடித்துப்போனது. நல்லாத் தூங்குது என்றால் நல்லது என்றுதானே யாருமே நினைப்பார்கள்?

இங்கே ஸ்பாக்குக்காகவும் கொஞ்சம் வாதாடணும். இது அவர் மட்டும் சொன்னதில்லை. குறைமாதப் பிள்ளைகள் மூச்சுத் திணறும்போது குப்புறப் போட்டால் ஆக்சிஜன் ஏறுவதை ஆஸ்பத்திரிகளில் பார்த்தவர்கள், நிறைமாதப் பிள்ளைக்கும் அதுவே நல்லது என்று நீட்டிக்கொண்டார்கள். ஸ்பாக்கும் இதைத் தன் எண்ணம் என்றுதான் எழுதுகிறார், சத்தியம் பண்ணவில்லை.

ஆனால் என் விமரிசனம் அங்கேதான் தொடங்குகிறது. இந்தப் புத்தகத்தில் எல்லாமே அவர் எண்ணம்தான். விரல் சூப்புவதும் எண்ணம், ஆரஞ்சுச் சாறும் எண்ணம், படுக்க வைப்பதும் எண்ணம். எதற்குப் பின்னால் தரவு இருக்கிறது, எது அனுபவம், எது வெறும் ஊகம் என்று குரலில் துளி வித்தியாசம் கிடையாது. எல்லாவற்றுக்கும் அதே திண்ணைக் குரல். நான் மேலே புகழ்ந்தேனே, அந்தக் குரலேதான். வாட்சன் மாதிரி அதட்டியிருந்தால் சில தாய்மாராவது எதிர்த்துக் கேட்டிருப்பார்கள். அன்பாகச் சொன்னதால் கேட்கவில்லை.

அனுபவம் இங்கே ஏன் உதவவில்லை என்பதையும் பார்க்கணும். ஆபத்து மூன்று மடங்கு என்றாலும், மொத்தத்தில் ஆயிரம் பிள்ளைக்கு ஒன்று, இரண்டு, மிஞ்சினால் மூன்று. ஒரு குழந்தை மருத்துவர் நூற்றுக்கணக்கான பிள்ளைகள் குப்புறப் படுத்து நன்றாகவே வளர்வதைப் பார்ப்பார். இறந்த ஒன்றும் விதி என்று போய்விடும். எங்கள் தொழிலில் லட்சத்தில் ஒரு தடவை வரும் பக் இப்படித்தான். என் கம்ப்யூட்டரில் ஓடுதே என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். எல்லார் லாகையும் ஒன்றாகக் கொட்டிப் பார்த்தால்தான் பிடிபடும். பின்னாளில் காக்ரேன் அமைப்பைத் தொடங்கிய இயன் சால்மர்ஸ் இளம் மருத்துவராக இருந்தபோது ஸ்பாக்கைப் படித்து, அதையே பெற்றோர்களுக்குச் சொன்னவர். அதைப் பிறகு வெளிப்படையாக எழுதினார். மருத்துவ ஆய்வுகளைத் தேடிச் சேர்த்துக் கூட்டிப் பார்ப்பதற்கென்றே உள்ள அமைப்பு அந்தக் காக்ரேன்.

ஸ்பாக் புத்தகம் பதிப்புக்குப் பதிப்பு திருத்தப்பட்டது. 1976 பதிப்பில் ஆண்-பெண் பாகுபாடான மொழியைக் கூடச் சரிசெய்தார். 1998-ல் வந்த ஏழாம் பதிப்பு மல்லாக்கப் படுக்கத்தான் சொல்கிறது. ஆனால் புத்தகத்துக்கு பேட்ச் அனுப்ப முடியாது. பழைய பிரதிகள் மூர் மார்க்கெட்டுக்கு வந்துசேரும், என் அப்பா போல ஒருவர் பச்சைப் பேனாவோடு உட்காருவார்.

எங்கள் வீட்டில் நடந்தது என்ன என்று அம்மாவுக்கு போன் போட்டுக் கேட்டேன். அப்பா சொல்படி என்னைக் குப்புறத்தான் போட்டாளாம். நாலாம் நாள் ஆச்சி ஊரிலிருந்து வந்து, "பிள்ளைய என்னத்துக்குப் பல்லி மாதிரி ஒட்டி வச்சிருக்கீக?" என்று திருப்பிப் போட்டுவிட்டு, அடுத்த நாளே சேலையில் தூளி கட்டிவிட்டாள். அப்பா புத்தகத்தைக் காட்டியிருக்கிறார். ஆச்சி அதைத் தூளிக் கம்பு ஆடாமல் இருக்க முட்டுக் கொடுத்தாளாம். (இது அம்மாவின் கைச்சரக்காக இருக்கலாம்.)

பாட்டி வைத்தியமே ஜெயித்தது என்று இதைப் பகிர நினைப்பவர்கள் ஒரு நிமிஷம் நிற்கவும். அதே ஆச்சி என்னைக் குளிப்பாட்டியதும் மூக்கில் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு ஊதுவாள். அந்த எண்ணெய் நுரையீரலுக்குள் போய் நிமோனியா வந்த குழந்தைகளைப் பற்றி நம்மூர் மருத்துவர்களே எழுதியிருக்கிறார்கள். வசம்பு, மாசிக்காய், ஜாதிக்காய் எல்லாம் இழைத்து உரைமருந்து சங்கில் புகட்டுவாள். ஆறு மாதம் வரை தாய்ப்பால் தவிர வேறொன்றும் வேண்டாம் என்பது இன்றைய அறிவுரை. ஆச்சியும் எல்லாவற்றையும் ஒரே குரலில்தான் சொன்னாள். எது சரி, எது தப்பு என்று அவளுக்கும் தெரிந்திருக்க வழியில்லை, ஸ்பாக்குக்கு இருந்த அதே காரணத்தால்.

புத்தகத்தைக் கொடுக்க வேண்டாம் என்று முதலில் நினைத்தேன். அப்புறம் மனசு கேட்கவில்லை. பயந்த பெண்ணுக்குத் தைரியம் சொல்ல இதைவிட நல்ல புத்தகம் இல்லை. அந்தப் பக்கத்தில் அப்பாவின் கோட்டுக்கு மேல் ஒரு வெள்ளைத்தாள் ஒட்டினேன். மல்லாக்க மட்டும். கெட்டியான, சமமான படுக்கை. தலையணை, மெத்து மெத்தென்ற போர்வை, பொம்மை எதுவும் வேண்டாம். பக்கத்தில் யாரும் சிகரெட் பிடிக்கக்கூடாது. கீழே தேதியும் போட்டேன், இதுவும் ஒருநாள் பழசாகலாம் என்பதால். நேற்று கூரியர் போய்ச் சேர்ந்தது.

ராத்திரியே மெசேஜ். "மாமா, தலை உருண்டையா வரணும்னு அத்தை கடுகுத் தலையணை தச்சு வச்சிட்டாங்களே. என்ன பண்ண?"

ஸ்பாக்கின் இரண்டாம் காரணம், அப்படியே நம்மூர் வடிவத்தில்! பகலில் நீ முழித்துப் பக்கத்தில் இருக்கும்போது கொஞ்ச நேரம் குப்புறப் போட்டு விளையாட விடு, படுக்கும்போது தலை திரும்பும் பக்கத்தை மாற்றி மாற்றி வை, தட்டை தானாகச் சரியாகும் என்று பதில் போட்டேன். தலையணையை அத்தை முன்னாடி ஒளித்து வைக்காதே, போட்டோ எடுக்க மட்டும் வைத்துக்கொள் என்றும் எழுதினேன். ஒரு சிரிப்பு பொம்மை வந்தது. அத்தை என்ன சொன்னார்கள் என்று இன்னும் தகவல் இல்லை.