சித்திரை விண்மீனை எடை போட்டவர் யார்?

சித்திரை மாதத்தில் ஒரு நாள் இரவு ஒன்பது மணியளவில் வெளியே வந்து வானத்தைப் பாருங்கள். வடக்கே சப்தரிஷி மண்டலம் தெரியும். அதன் வால் வளைவை அப்படியே நீட்டிக்கொண்டு போனால் செம்மஞ்சள் நிறமுள்ள சுவாதி விண்மீனை அடைவீர்கள். வளைவை இன்னும் தெற்கே நீட்டினால் வெண்மையாக ஒளிரும் ஒரு விண்மீன் நிற்கும். அதுதான் சித்திரை. மேலைநாட்டார் இதை ஸ்பைகா என்று அழைக்கின்றனர். முழுநிலவு இந்த விண்மீனின் அருகே வரும் மாதத்திற்கே நாம் சித்திரை என்று பெயரிட்டிருக்கிறோம்.

இனி வீட்டிற்குள் வந்து, கையில் கிடைக்கும் எளிய வானியல் நூல் ஒன்றைப் புரட்டுங்கள். பின்னிணைப்பில் ஓர் அட்டவணை இருக்கும். அதில் சித்திரைக்கு ஒரு வரி ஒதுக்கியிருப்பார்கள்: நிறம் நீலம், வெப்பநிலை 25,000, நிறை கதிரவனைப் போல் 11 மடங்கு, தொலைவு 250 ஒளியாண்டு. வேறொரு நூலில் தொலைவு 275 என்று இருக்கும். மூன்றாவது நூலில் 260.

சில ஆண்டுகளுக்கு முன் என் வகுப்பு மாணவி ஒருத்தி இத்தகைய இரண்டு நூல்களை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். “சார், இதில் எது சரி? பரீட்சையில் எதை எழுதுவது?” என்று கேட்டாள். “250 என்று எழுது. அதுதான் புதிய கணக்கு” என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அன்று மாலையே அந்த விடை என்னை உறுத்தத் தொடங்கியது. அவள் கேட்டதில் ஒரு நல்ல இயற்பியல் வினா ஒளிந்திருந்தது. நான் அதைத் தேர்வு வினாவாக மாற்றிவிட்டேன். நம் அறிவியல் நூல்களின் அட்டவணைகளும் இதே தவற்றைத்தான் செய்கின்றன என்பது என் கருத்து. அந்த ஒற்றை வரியை எடுத்துக்கொண்டு, அதிலுள்ள எண்கள் ஒவ்வொன்றையும் சோதித்துப் பார்ப்போம்.

இரண்டை ஒன்றாக்கும் பிழை

முதல் குறை வரியின் தலைப்பிலேயே இருக்கிறது. சித்திரை ஒரு விண்மீன் அன்று, இரண்டு. 1890 ஆம் ஆண்டில் ஜெர்மனியின் போட்ஸ்டாம் வானாய்வகத்தில் ஹெர்மன் ஃபோகல் என்பவர் இதன் நிறமாலைக் கோடுகள் ஒழுங்கான கால இடைவெளியில் முன்னும் பின்னும் நகர்வதைக் கண்டார். ஒன்றையொன்று சுற்றும் இரண்டு விண்மீன்களால்தான் இது நிகழ முடியும். ஒரு சுற்றுக்கு 4.0145 நாள், அதாவது நான்கு நாளும் 21 நிமிடமும் ஆகின்றன. இரண்டிற்கும் இடையே உள்ள சராசரித் தொலைவு ஏறத்தாழ 1.9 கோடி கிலோமீட்டர். கதிரவனுக்கும் புதனுக்கும் இடையேயுள்ள தொலைவில் இது மூன்றில் ஒரு பங்குதான். ஆகவே எந்தத் தொலைநோக்கியின் வழியே பார்த்தாலும் இரண்டும் ஒரே புள்ளியாகவே தெரியும்.

2016 ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆய்வு, மோஸ்ட் என்னும் கனடா நாட்டுச் சிறு செயற்கைக்கோள் அளந்த ஒளி மாறுதல்களையும் நிறமாலைப் பதிவுகளையும் சேர்த்துக் கணக்கிட்டது. அதன்படி முதன்மை விண்மீனின் வெப்பநிலை 25,300 கெல்வின். துணை விண்மீனுக்கு 20,900 கெல்வின். அப்படியானால் அட்டவணையில் உள்ள 25,000 யாருடைய வெப்பநிலை? முதன்மையினுடையது என்று நூல் ஒரு சொல் சேர்த்திருக்கலாம். சேர்ப்பதில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். இவ்வளவு நெருக்கமாகச் சுற்றும்போது, நிலவு நம் கடலை இழுப்பது போல் ஒன்று மற்றொன்றை இழுக்கிறது. அதனால் முதன்மை விண்மீன் உருண்டையாக இல்லாமல் சற்றே முட்டை வடிவில் நீண்டிருக்கிறது. அது சுற்றும்போது சில சமயம் அகன்ற பக்கமும், சில சமயம் குறுகிய பக்கமும் நம்மை நோக்குவதால் மொத்த ஒளி சிறிதளவு கூடிக் குறைகிறது. முட்டையின் எல்லாப் பகுதிகளும் ஒரே வெப்பநிலையில் இருப்பதும் இல்லை. நாம் சொல்லும் வெப்பநிலை ஒரு சராசரியே.

நிறம் தரும் சான்று எவ்வளவு?

“நீல நிறத்தில் சுடர்விடும் விண்மீன்” என்று படித்துவிட்டு வானத்தைப் பார்க்கும் மாணவன் ஏமாந்து போகிறான். அவன் காண்பது மெல்லிய நீலம் கலந்த வெண்மை. நூல் இங்கே மிகைப்படுத்துகிறது.

வீன் விதியைப் பயன்படுத்திப் பாருங்கள். 28,98,000 என்னும் எண்ணைக் கெல்வின் வெப்பநிலையால் வகுத்தால், மிகச் செறிவான கதிர்வீச்சின் அலைநீளம் நானோமீட்டரில் கிடைக்கும். கதிரவனுக்கு இது ஏறத்தாழ 502. சித்திரையின் முதன்மை விண்மீனுக்கு 115. இது புற ஊதாப் பகுதி, கண்ணுக்குத் தெரியாது. நாம் காண்பது அதன் கதிர்வீச்சு வளைகோட்டின் வால் பகுதியை மட்டுமே. இந்த வால் பகுதியின் சரிவு, மிகச் சூடான விண்மீன்கள் எல்லாவற்றுக்கும் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். 20,000 கெல்வின் விண்மீனையும் 25,000 கெல்வின் விண்மீனையும் கண்ணுக்குத் தெரியும் நிறத்தைக் கொண்டு வேறுபடுத்துவது கடினம். “நீல நிறம், எனவே 25,000” என்று எழுதுவது இதனால்தான் பிழை. ஹீலியம் முதலியவற்றின் நிறமாலைக் கோடுகளும், வளிமண்டலத்திற்கு மேலே இருந்து எடுத்த புற ஊதா அளவீடுகளுமே உண்மையான சான்றுகள்.

சென்ற அரை நூற்றாண்டில் முதன்மை விண்மீனுக்குக் கணித்த வெப்பநிலை 22,000-க்கும் 25,000-க்கும் இடையே இருந்து வந்திருக்கிறது. வேறுபாடு சிறிதென்று தோன்றலாம். ஆனால் ஸ்டெஃபான் விதிப்படி ஒளிர்வு வெப்பநிலையின் நாற்படியைப் பொறுத்தது. ஆரம் மாறாமல் வெப்பநிலையை மட்டும் 22,000-இலிருந்து 25,000 ஆக உயர்த்தினால் ஒளிர்வு மூன்றில் இரண்டு பங்கு கூடிவிடும்!

நிறை வந்த வழி

விண்மீனைத் தராசில் வைக்க முடியாது. டாப்ளர் விளைவே இங்கு தராசு. முதன்மை விண்மீன் நம்மை நோக்கியும் நம்மைவிட்டு விலகியும் நொடிக்கு ஏறத்தாழ 120 கிலோமீட்டர் வேகத்தில் ஆடுகிறது. துணை விண்மீன் ஏறத்தாழ 190 கிலோமீட்டர் வேகத்தில் ஆடுகிறது. சிறுவனும் பெரியவரும் கைகோத்துச் சுழன்றால் சிறுவன் பெரிய வட்டத்தில் ஓட வேண்டியிருக்கிறதல்லவா? அதே போல் வேகங்களின் விகிதம் நிறைகளின் விகிதத்தைத் தந்துவிடுகிறது.

விகிதம் கிடைத்துவிட்டது. நிறை எவ்வளவு? இங்கேதான் சிக்கல். நாம் அளப்பது நம் பார்வைக் கோட்டின் வழியே உள்ள வேகத்தை மட்டுமே. சுற்றுப்பாதை நமக்கு எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று தெரியாமல் முழு வேகத்தைக் கணிக்க இயலாது. கணக்கில் வருவது சாய்வுக் கோணத்தின் சைன் மதிப்பின் முப்படி. சாய்வு 66 பாகை எனில் இது 0.76, 60 பாகை எனில் 0.65. ஆறு பாகை தவறினால் நிறை 17 விழுக்காடு மாறிவிடும். “11 மடங்கு” என்ற எண் இந்தச் சாய்வின்மேல்தான் நிற்கிறது. அட்டவணையோ சாய்வைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை.

அருவங்காட்டில் பிறந்தவரின் கருவி

சாய்வை எப்படி அறிந்தார்கள்? இந்தக் கதையை நம் நூல்கள் விட்டுவிடுவது எனக்குப் பெருங்குறையாகவே படுகிறது. ராபர்ட் ஹான்பரி பிரவுன் 1916 ஆம் ஆண்டில் நம் நீலகிரி மாவட்டத்து அருவங்காட்டில் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரின்போது ரேடார் ஆய்வில் ஈடுபட்டவர். பின்னர் வானொலி வானியலுக்கு வந்த அவர், ரிச்சர்டு டுவிஸ் என்பவருடன் சேர்ந்து செறிவுக் குறுக்கீட்டுமானி என்னும் கருவியை உருவாக்கினார்.

தத்துவம் இதுதான். தனித்தனியே நிற்கும் இரண்டு பெரிய ஆடிகள் ஒரே விண்மீனின் ஒளியைத் திரட்டுகின்றன. ஒவ்வொன்றிலும் உள்ள ஒளிமின்கலத்தின் மின்னோட்டம் நுண்ணியதாக ஏறி இறங்கும். ஆடிகள் அருகருகே இருந்தால் இந்த ஏற்ற இறக்கங்கள் ஒத்துப்போகும். விலக விலக ஒப்பு குறையும். விண்மீனின் கோண அளவு பெரிதாக இருந்தால் ஒப்பு விரைவில் மறையும். எந்தத் தொலைவில் மறைகிறது என்பதிலிருந்து கோண விட்டம் கிடைத்துவிடும். 1956 ஆம் ஆண்டில் போர்க்காலத் தேடுவிளக்கு ஆடிகளைக் கொண்டே சிரியஸ் விண்மீனை அவர்கள் அளந்து காட்டினார்கள். இது நடவாது என்று வாதிட்ட இயற்பியலாரும் உண்டு. அந்த வாதத்திலிருந்தே ஒளியின் குவாண்டம் கொள்கையில் ஒரு புதிய பிரிவு வளர்ந்தது.

பின்னர் ஆஸ்திரேலியாவின் நாராப்ரை என்ற ஊரில், 188 மீட்டர் விட்டமுள்ள வட்ட இருப்புப்பாதையில் நகரும் இரண்டு பெரும் ஆடிகளை நிறுவினார்கள். அங்கே 32 விண்மீன்கள் அளக்கப்பட்டன. அவற்றுள் ஒன்று சித்திரை. இரண்டு விண்மீன்களும் சுற்றும்போது ஒப்பு கூடிக் குறைவதைத் தொடர்ந்து பதிந்து, சுற்றுப்பாதையின் கோண அளவையும் சாய்வையும் கண்டார்கள். 1971 ஆம் ஆண்டில் வெளியான முடிவுகள் இவை: முதன்மையின் ஆரம் கதிரவனைப் போல் 8.1 மடங்கு, நிறைகள் 10.9, 6.8 மடங்கு. அதன் கோண விட்டம் ஒரு வில்நொடியில் ஆயிரத்தில் 0.9 பங்கு. இரண்டரை சென்டிமீட்டர் அகலமுள்ள நாணயம் ஒன்றை 5,700 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து அளப்பதற்கு இது சமம்.

புகழ்வதோடு நின்றுவிட்டால் அது மதிப்பீடாகாது. இந்த முறை பொலிவும் சூடும் மிக்க விண்மீன்களுக்கே பயன்பட்டது. 32-ஓடு பட்டியல் நின்றதற்கு அதுவே காரணம். துணை விண்மீனின் ஒளி முதன்மையின் ஒளியில் மூழ்கிவிடுவதால் அதைப் பற்றிய எண்கள் இன்றும் வலுக்குறைந்தவை. 2016 ஆம் ஆண்டு ஆய்வின்படி முதன்மையின் ஆரம் 7.47 மடங்கு, பிழை எல்லை 0.54, துணையின் ஆரம் 3.74 மடங்கு, பிழை எல்லை 0.53. முன்னதில் 7 விழுக்காடு ஐயம். பின்னதில் 14 விழுக்காடு.

தொலைவு: முரண்பாடா?

இப்போது என் மாணவியின் கேள்விக்கு வருவோம். டாப்ளர் வேகங்களும் சாய்வும் சேர்ந்து சுற்றுப்பாதையின் அளவைக் கிலோமீட்டரில் தருகின்றன. குறுக்கீட்டுமானி அதே பாதையின் அளவைக் கோணத்தில் தருகிறது. இரண்டும் தெரிந்தால் தொலைவைக் கணக்கிடுவது பள்ளிக்கூட முக்கோணவியல். 1971 ஆம் ஆண்டு விடை 84 பார்செக், பிழை எல்லை 4 பார்செக். ஒளியாண்டில் சொன்னால் 261 முதல் 287 வரை. நடு மதிப்பு ஏறத்தாழ 275.

ஹிப்பார்க்கஸ் செயற்கைக்கோள் 1989 முதல் 1993 வரை முற்றிலும் வேறு முறையில், இடமாறு தோற்றத்தைக் கொண்டு அளந்தது. 1997 ஆம் ஆண்டுப் பட்டியலின்படி தொலைவு 262 ஒளியாண்டு. 2007 ஆம் ஆண்டில் அதே பதிவுகளை மறுபடி ஆராய்ந்தபோது 250 ஒளியாண்டு. பிழை எல்லையுடன் 237 முதல் 264 வரை. ஆக மூன்று நூல்களும் அச்சுப் பிழை செய்யவில்லை. மூன்றும் மூன்று அளவீடுகள். பிழை எல்லைகளை வரைந்து பார்த்தால் ஒன்றன் விளிம்பு மற்றொன்றைத் தொடுவது தெரியும். எல்லைகளை வெட்டியெறிந்துவிட்டு நடு எண்ணை மட்டும் அச்சிட்டதால்தான் அவை முரண்படுவதாகத் தோன்றின.

இதனால் என்ன கேடு?

“தொடக்க நிலை வாசகருக்கு இவ்வளவும் எதற்கு? இடமும் இல்லையே” என்று நூலாசிரியர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் ஓர் எடுத்துக்காட்டைப் பாருங்கள். கதிரவனைப் போல் ஏறத்தாழ 8 மடங்குக்கு மேல் நிறையுள்ள விண்மீன் இறுதியில் சூப்பர்நோவாவாக வெடிக்கும் என்று கணித்திருக்கிறார்கள். முதன்மை விண்மீன் அந்த வரம்பிற்கு மேலே இருக்கிறது. துணையின் நிறையோ 2016 ஆய்வின்படி 7.21 மடங்கு, பிழை எல்லை 0.75. மேல் எல்லை ஏறக்குறைய 8-ஐத் தொட்டுவிடுகிறது! நெருங்கிய இணைகள் பிற்காலத்தில் ஒன்றிலிருந்து மற்றொன்றிற்குப் பொருளைக் கொட்டவும் கூடும். “7 மடங்கு, எனவே வெடிக்காது” என்று அட்டவணையைப் பார்த்து எழுதும் மாணவன், அறிவியல் இன்னும் முடிவு செய்யாத ஒன்றை முடிந்துவிட்டதாக எண்ணிக்கொள்கிறான்.

பெரிய கேடு வேறு. எண் எப்படி வந்தது என்று சொல்லாத நூல், எண்ணை நம்பும்படி மட்டுமே கேட்கிறது. நாளை எண் மாறும்போது அந்த வாசகன் “விஞ்ஞானிகள் மாற்றி மாற்றிச் சொல்கிறார்கள்” என்று அலுத்துக்கொள்வான். நம்பிக்கையின் பேரில் மட்டும் ஏற்றதைக் கைவிடுவதும் எளிதுதானே.

இடம் இல்லை என்பவர்களுக்காக நானே எழுதிப் பார்த்தேன்: “சித்திரை, நெருங்கிச் சுற்றும் இரண்டு நீலவெண் விண்மீன்கள். பெரியதன் நிறை கதிரவனைப் போல் 10 முதல் 12 மடங்கு; இது டாப்ளர் வேகத்திலிருந்தும் பாதைச் சாய்விலிருந்தும் கிடைத்தது. தொலைவு ஏறத்தாழ 250 ஒளியாண்டு; 13 வரை கூடலாம், குறையலாம்.” அட்டவணையின் அடியில் மூன்று வரிகள் போதும்.

வாசகரே, அடுத்த முறை ஒரு விண்மீன் அட்டவணையைக் காணும்போது, ஏதேனும் ஓர் எண்ணின்மேல் விரலை வைத்து, “இதை எவ்வாறு அளந்தார்கள்? எவ்வளவு தவறியிருக்கலாம்?” என்று உங்கள் ஆசிரியரைக் கேளுங்கள். என்னைப் போல் அவசரமாக விடை சொல்லி அனுப்பினால், மறுநாளும் கேளுங்கள். அந்த மாணவிக்கு நான் மறுவாரம் கரும்பலகையில் இந்தக் கணக்கு முழுவதையும் போட்டுக் காட்டினேன். அவள் அடுத்துக் கேட்டது, “அப்படியானால் சுவாதியை எப்படி அளந்தார்கள், சார்?” என்பதுதான்.