ஒவ்வொன்றுக்கும் ஒரு முகம்

கல்லட்டிச் சரிவின் அடிவாரத்தில் உள்ள மசினகுடியில் நிற்கிறோம். முன்னே முட்புதர்க் காடு. அப்பால் மாயாற்றுப் பள்ளத்தாக்கு. "எவ்வளவு அழகு!" என்று வியந்துவிட்டுத் திரும்புகிறோம். எந்த மரம், எந்தப் பறவை என்று கேட்பதில்லை. இந்தப் பொதுவான வியப்பு இறைபுகழ்ச்சி ஆகுமா? இக்கேள்வியுடன் ஆங்கிலக் கவிஞர் ஜெரார்ட் மேன்லி ஹாப்கின்ஸை (1844-1889) அணுகுவது நமக்குப் பயன் தரும்.

1866-இல் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்த அவர், 1868-இல் இயேசு சபையில் புகுமுன் தம் கவிதைகளை எரித்தார். கவிதை துறவுக்குத் தடையாகும் என அஞ்சினார். 1875 டிசம்பரில் 'டாய்ச்லாந்து' கப்பல் உடைந்து, ஜெர்மனியிலிருந்து வெளியேற நேர்ந்த பிரான்சிஸ்கு சபைச் சகோதரிகள் ஐவர் மாண்டனர். அவர்களைப் பாடவே மீண்டும் எழுதுகோலை எடுத்தார்.

இயற்கையன்பு இறையன்புக்குப் போட்டியா? அவருடைய இந்த அச்சத்தைத் தணித்தவர் இடைக்கால மெய்யியலார் டன்ஸ் ஸ்கோட்டஸ். ஒவ்வொரு பொருளுக்கும் பிறிதொன்றில் காணாத தனித்தன்மை உண்டு என்றார் ஸ்கோட்டஸ். அத்தனித்தன்மையை உற்று நோக்குவோர் படைத்தவரையே நோக்குகின்றனர் என ஹாப்கின்ஸ் கண்டார்.

அவரது யாப்புப் புதுமையும் இங்கிருந்தே பிறந்தது. அசைகளை எண்ணாமல் அழுத்தங்களை எண்ணும் சந்தத்தைக் கையாண்டார். வேல்ஸ் நாட்டு மரபுக் கவிதையின் ஒலியியைபையும் கற்றார். மோனையும் எதுகையும் பழகிய நம் செவிக்கு அது அந்நியமன்று. சொற்செறிவு சில இடங்களில் பொருளை மறைக்கிறது என்பதை ஒப்புக்கொள்வோம். ஆயினும் தேய்ந்த சொற்களால் ஒரு பொருளின் தனிமுகத்தைத் தீட்ட இயலாதே! அவர் மறைந்து 29 ஆண்டுகள் கழித்து, 1918-இல்தான் அக்கவிதைகள் நூலாயின.

1879-இல் ஆக்ஸ்போர்டை அடுத்த பின்சியில் மரங்கள் வெட்டப்பட்டபோது இரங்கற்பா பாடினார். பின்வருவோர் தாம் இழந்தது எதுவென்றும் அறியார் என்பதே அதன் துயரம்.

அத்துயரம் மசினகுடிக்கும் உரியது. உன்னிச்செடியின் பூவைக் கண்டு மகிழ்கிறோம். வேற்று மண்ணிலிருந்து வந்த அது இங்குள்ள புல்லை மூடிவிட்டதை உணர்வதில்லை. இயற்கையை நுகரவென்று எழுந்த விடுதிகள் யானைகளின் வழித்தடத்தில் நின்றன. 2011-இல் உயர் நீதிமன்றமும் 2020-இல் உச்ச நீதிமன்றமும் அவ்வழியைக் காக்கத் தீர்ப்பளிக்க வேண்டியதாயிற்று.

படைப்பைப் புகழ்ந்து பாடும் நாம், அதில் ஒரு மரத்தையேனும் பெயர் சொல்லி அறிவோமா? ஹாப்கின்ஸ் நம்மிடம் கேட்பது இதுவே.